மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் ஊற்றிய தண்ணீர்



தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது குறித்து மத்ரஸா உஸ்தாத் ஒருவர் எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் எண்ணக்கூடும். நாம் பட்டயம் பெற்றது இஸ்லாமியக் கல்வியில், தோட்டக்கலையில் அன்று. ஆயினும் சென்ற ஐப்பசியில் நம் கட்டளையால் பதினொரு செடிகள் மடிந்தன. அதே காரணத்தால் ஒரு மாணவனின் மனமும் புண்பட்டது. செடிகள் ஏன் மடிந்தன என்பதை விளங்கிக்கொண்ட பிறகுதான் அம்மாணவனுக்கு நாம் எத்தனை பெரிய கடனாளி என்பது தெரியவந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸா, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில், பள்ளிவாசலை ஒட்டி அமைந்துள்ளது. மாடியில் வகுப்பறைகளுக்கு முன்னே கூரையில்லாத திறந்தவெளி உண்டு. பிள்ளைகளின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அங்கே இருபத்து நான்கு தொட்டிகள் வாங்கி வைத்தார். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை, புதினா, கற்றாழை எனப் பலவும் அவற்றில் இருந்தன. இருபத்தைந்தாவது தொட்டி நம்முடையது. அதில் மருதாணி வளர்ந்தது. மர்ஹூம் நம் உம்மா வாழ்ந்த வீட்டைப் பாகப் பிரிவினைக்குப் பின் விற்க நேர்ந்தபோது, சாவியைக் கொடுக்கும் முன் முற்றத்து மருதாணியில் ஒரு கிளையை ஒடித்து வந்து நட்டிருந்தோம். பெருநாள் இரவுகளில் தெருப் பெண்பிள்ளைகள் அனைவருக்கும் இலை கொடுத்த செடி அது.

தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மாணவர்களுக்கு வாரமுறை வைத்துப் பிரித்தோம். அஸர் தொழுகை முடிந்ததும் தொட்டிக்கு ஒரு சொம்பு. நாள் தவறக் கூடாது. இதைக் கரும்பலகையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் எழுதியும் வைத்தோம். புதினாவுக்கும் ஒரு சொம்பு, கற்றாழைக்கும் ஒரு சொம்பு. சித்திரை வெயிலிலும் ஒரு சொம்பு, ஐப்பசி மழையிலும் ஒரு சொம்பு. அப்போது இது நமக்கு ஒழுங்கின் அழகாகவே தோன்றியது. உண்மையைச் சொன்னால், சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டாம் வாரம், இலைகள் வெளுத்தன. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மேலே இருந்தவை தலைகவிழ்ந்து தொங்கின. மருதாணியின் நுனிக் கொழுந்துகள் துவண்டன. செடி வாடினால் அது தாகம்தானே? அந்த வாரத்து முறைக்காரனான பன்னிரண்டு வயதுச் சிறுவனை அழைத்து, “தண்ணீர் ஊற்றினாயா?” என்று கேட்டோம்.

“ஊத்துனேன் உஸ்தாத்.”

“எல்லாத் தொட்டிக்கும்?”

அவன் சற்றுத் தயங்கினான். “ஊத்துனேன் உஸ்தாத். ஆனா மண்ணு...”

அவனை முடிக்க விடவில்லை. அந்தத் தயக்கமே நமக்குச் சாட்சியாகிவிட்டது. பேசினால் பொய்யுரைப்பது நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்று என்ற நபிமொழியை வகுப்பு முழுவதும் கேட்க எடுத்துரைத்தோம். அந்த நபிமொழி ஸஹீஹானது. அதை எடுத்து வைத்த இடம்தான் தவறானது. சிறுவனை அன்றைய பாடம் முடியும்வரை நிற்க வைத்தோம். அதோடு, இனி காலையும் மாலையும் ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு சொம்பு ஊற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டோம். அவன் மறுவார்த்தை பேசாமல் ஊற்றினான். பத்து நாள்களில் பதினொரு செடிகள் காய்ந்துவிட்டன. ‘காய்ந்துவிட்டன’ என்றே அப்போது சொல்லிக்கொண்டிருந்தோம்.

மருதாணித் தொட்டியை மட்டும் இருசக்கர வண்டியில் முன்னே வைத்து, பேருந்து நிலையத்தை அடுத்த நர்சரிக்குக் கொண்டுசென்றோம். நர்சரிக்காரர் அறுபதைக் கடந்தவர். செடியைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். பின்னர் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பை ஒரு கல்லில் இரண்டு தட்டுத் தட்டினார். மண் முழு உருளையாகக் கையில் வந்து விழுந்தது. அதன் அடிப்பகுதியை நம் முகத்தருகே நீட்டி, “மோந்து பாருங்க பாய்” என்றார். சாக்கடை வாடை அடித்தது. வேரை இரு விரலால் இழுத்தார். பழுப்பு நிறத் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே நூல்போல ஏதோ எஞ்சியது.

“இது தண்ணியில்லாமச் சாகல பாய். மூச்சுவிட முடியாமச் செத்துருக்கு.”

வேர் மூச்சு விடும் என்பதை நாற்பது வயதுக்கு மேல் நாம் கேட்பது அதுவே முதல்முறை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்; மனத்தில் தங்கவில்லை. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடுக்குகளில் நீரும் இருக்க வேண்டும், காற்றும் இருக்க வேண்டும். எல்லா இடுக்குகளையும் நீரே எந்நேரமும் அடைத்துக்கொண்டால் வேருக்கு ஆக்ஸிஜன் கிட்டாது. திணறிய வேர் செயலிழக்கும். ஈரத்தில் பெருகும் பூஞ்சணம் அதை அழுகச் செய்யும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. எனவே தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். இலை தொங்குவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். ஊற்ற ஊற்ற அது இன்னும் தொங்கும். நாம் செய்தது முற்றிலும் இதுவே.

வறட்சியால் வாடியதையும் நீர் மிகுந்து வாடியதையும் இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது எளிதன்று என்றார் அவர். மண்ணிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுமாம். வறண்ட தொட்டி தூக்கினால் இலேசாக இருக்கும், மண் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகியிருக்கும், இலையோரங்கள் மொறுமொறுப்பாகும். நீர் மிகுந்த தொட்டி கனக்கும்; மண் மேல் பச்சைப் பாசி படரும், சிறு ஈக்கள் பறக்கும், அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இன்னொன்றும் உண்டு. செம்பருத்தி, புதினா போன்றவை கடும் நண்பகலில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே சோர்ந்து தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தாமே நிமிரும். அதைக் கண்டு பதறி ஊற்றக் கூடாது. அதிகாலையிலும் வாடியே நிற்கும் செடிதான் எதையோ கேட்கிறது.

அவர் மத்ரஸாவுக்கும் வந்து பார்த்தார். தொட்டிகள் சிமெண்டுத் தரையில் அப்படியே அமர்ந்திருந்தன. அடித்துளைகள் மண்ணாலும் வேராலும் அடைபட்டுத் தரையோடு ஒட்டிக்கிடந்தன. மேலிருந்து வருவதற்கு மழை, சொம்பு என இரு வழிகள். கீழே வெளியேற ஒரு வழியும் இல்லை. துளைகள் திறந்திருந்தால் நாம் ஊற்றியதில் பாதியாவது வெளியேறியிருக்கும். சில செடிகளேனும் பிழைத்திருக்கும்.

நர்சரியிலிருந்து திரும்பிய அன்றிரவே வேறொரு கணக்கு நம்மை உறங்கவிடவில்லை. அச்சிறுவன் பொய் சொல்லவில்லை. அவன் ஊற்றியதுதான் குற்றம். அதையும் நாமே ஏவினோம். இறைவனுக்குச் செய்த பிழைக்கு அவனிடமே பாவமன்னிப்புக் கேட்கலாம். அடியானுக்கு இழைத்த பிழைக்கோ அந்த அடியானிடம் சென்று நிற்க வேண்டும். ஹக்குல் இபாத் பாடத்தை ஆண்டுதோறும் நாம்தான் நடத்துகிறோம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் உஸ்தாதின் மரியாதை குறையும் என்று நஃப்ஸ் ஒரு பக்கம் வாதாடியது. தனியே அழைத்துச் சொல்லிவிடலாம் என்று இன்னொரு யோசனையையும் அதுவே தந்தது. ஆனால் நிற்க வைத்தது தனியே அல்லவே.

மறுநாள் முதல் பாடத்துக்கு முன் அவனை எழுப்பி, நடந்ததை வகுப்புக்குச் சொன்னோம். “நீ உண்மையே சொன்னாய். நாம் உன்னைப் பொய்யனாக்கினோம். மன்னித்துவிடு தம்பி” என்றோம். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு தலையைக் குனிந்தபடி, “ஒண்ணு சொல்லவா உஸ்தாத்? அந்தக் கற்றாழைக்கு மட்டும் நான் ஊத்தவே இல்ல. மண்ணு சகதியா இருந்துச்சு. ஊத்துனா பாவமா இருந்துச்சு” என்றான்.

பிழைத்த பதினான்கு தொட்டிகளில் கற்றாழையும் ஒன்று. ‘ஆனா மண்ணு’ என்று அவன் அன்று தொடங்கிய வாக்கியத்தின் மிகுதியைக் கேட்க நமக்கு மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

அன்று முதல் கரும்பலகை ஓரத்தில் இருந்த எழுத்து அழிக்கப்பட்டது. இப்போதைய முறை எழுதி வைக்கக்கூடியது அன்று, கையால் கற்பது. முறைக்காரன் ஒவ்வொரு தொட்டியிலும் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் செலுத்திப் பார்க்கிறான். விரலில் ஈரமண் ஒட்டினால் அடுத்த தொட்டிக்குப் போய்விட வேண்டியது. உலர்ந்து தூளாக உதிர்ந்தால் மட்டும் ஊற்றுவது. புதினாவுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. அது எப்போதும் மேல்மண் நனைந்திருப்பதை விரும்பும். கற்றாழைக்கு நேர்மாறு, மண் அடிவரை உலர்ந்த பிறகும் சில நாள்கள் பொறுக்கலாம். மேற்பரப்பை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். தென்னை நார்க்கழிவு கலந்த மண் மேலே வெளுத்து உலர்ந்து காட்டும். உள்ளே விரலை விட்டால் சொதசொதவென்று இருக்கும்.

விரலைக் காட்டிலும் நம் மாணவர்களுக்குப் பிடித்தது எடை பார்ப்பது. நன்கு நீர் குடித்த தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துக் கையில் அந்தக் கனத்தைப் பதியவைத்துக்கொண்டால் போதும். பிறகு விளிம்பைப் பிடித்துச் சற்றே சாய்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குள் போட்டியே நடக்கிறது. போட்டியில் ஒரு ரோஜாத் தொட்டி உடைந்ததையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊற்றுவது என்று முடிவான பின் அரைமனதாக ஊற்றக் கூடாது. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் மேல் ஓரங்குலம் மட்டுமே நனையும். அடிவேர் வறண்டிருக்கும், வேர்களும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தண்டின் மீது கொட்டாமல் மண்ணைச் சுற்றிலும் மெல்ல ஊற்றி, அது உள்ளிறங்கும்வரை பொறுத்து, மீண்டும் ஊற்றி, அடித்துளையில் நீர் ஒழுகத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். பின்னர் விரல் சொல்லும்வரை அந்தத் தொட்டிப் பக்கம் போக வேண்டியதில்லை. அடியில் தட்டு வைத்திருந்தால் ஒழுகிய நீரை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். செடிக்கு மட்டுமன்றி நமக்கும் அது நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தட்டு நீரில்தான் முட்டையிடுகிறது. நாங்கள் தட்டுகளையே அகற்றிவிட்டு, உடைந்த ஓட்டுத் துண்டுகளின் மேல் தொட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டோம். அடித்துளை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

சில நேரங்களில் ஊற்றிய உடனேயே நீர் அடியில் கொட்டிவிடும். செடி குடித்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. முற்றிலும் காய்ந்த மண் நீரை ஏற்காது. சுவருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள விரிசல் வழியே நீர் இறங்கிப்போய்விடும். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமர்த்தி வைத்தால் அடியிலிருந்து மண் தானே உறிஞ்சிக்கொள்ளும். நர்சரிப் பையோடு வரும் இறுகிய செம்மண் கட்டியும் இப்படித்தான். சுற்றிலும் ஈரமாயிருக்க, கட்டியின் உள்ளே மட்டும் புழுதியாக இருக்கும்.

நேரத்தையும் மாற்றினோம். அஸருக்குப் பின் ஊற்றும்போது இலைகள் நனைந்து, இரவெல்லாம் ஈரமாகவே கிடந்தன. இலைப்புள்ளி நோய்க்கு அது வழி. இப்போது சுப்ஹு தொழுது, ஓதல் தொடங்கும் முன் ஊற்றுகிறோம். வெயில் ஏறுமுன் செடி குடித்துக்கொள்கிறது. சித்திரையில் மட்டும் சிறிய மண்தொட்டிகளை மாலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. சுட்ட மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகிவிடும்; பிளாஸ்டிக் தொட்டி அவ்வாறு விடாது. ஒரே செடியை இரண்டிலும் வைத்தால் இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது.

இதில் நமக்கு வெட்கமான செய்தி ஒன்று உண்டு. ஹிஃப்ளு வகுப்பில் எல்லா மாணவனுக்கும் ஒரே அளவு ஸபக் கொடுக்கும் உஸ்தாத் எவரும் இல்லை. ஒருவனுக்கு அரைப்பக்கம் இறங்கும்; இன்னொருவனுக்கு மூன்று வரி. நேற்றைய பாடம் தங்கியதா என்று கேட்டுப் பார்த்த பிறகே புதிதாகக் கொடுப்போம். பதினெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் இதைச் செய்துவந்த நாம், மாடிக்கு வந்ததும் சொம்புக் கணக்கை நம்பினோம்.

தண்ணீரின் அளவு பற்றிப் பேசும்போது எந்தத் தண்ணீர் என்ற கேள்வியும் வந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்க நூலான மத்னு அபீ ஷுஜாவை ஓதியவர்கள் அறிவார்கள்: அந்நூல் தொடங்குவதே தண்ணீரில்தான். தூய்மை செய்யத் தகுந்த நீர் ஏழு வகை. அவற்றுள் மழைநீரும் உண்டு, கடல்நீரும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் தொலைதோ நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸாலும் தம் வேளாண் நூலைத் தண்ணீரில்தான் தொடங்குகிறார். மழை, ஆறு, ஊற்று, கிணறு என்று நான்காகப் பிரித்து, எது எந்தப் பயிருக்கு ஆகும் என ஆராய்கிறார். ஃபிக்ஹு நூலையும் வேளாண் நூலையும் அருகருகே வைத்தால் ஒரு சுவையான வேறுபாடு தெரியும். கடல்நீரில் உளூ நிறைவேறும். ரோஜாவுக்கு ஊற்றினால் ரோஜா கருகும். மறுபுறம், கடமையான உளூவுக்குப் பயன்பட்ட சிறிதளவு நீர், அதாவது முஸ்தஃமல் நீர், மறுபடி உளூவுக்கு ஆகாது. ஆனால் அது அசுத்தமன்று. செடிக்குத் தாராளமாக ஊற்றலாம்.

இதிலிருந்துதான் நம் ஏற்பாடு பிறந்தது. உளூ செய்யும் இடத்திலிருந்து சாக்கடைக்குப் போன வாய்க்காலில் ஒரு குழாயைப் பொருத்தி, நீரைப் பீப்பாய் ஒன்றில் சேர்க்கிறோம். பள்ளிவாசலின் வக்ஃபு நீரை வேறு காரியத்துக்கு எடுப்பதில் பேணுதல் வேண்டும் என்பதால் மூத்த உஸ்தாதிடம் கேட்டோம். உளூவுக்குப் பயன்பட்டு வீணே ஓடிப்போகும் நீர்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சோப்பு கலவாத நீர் ஆதலால் செடிக்கும் தீங்கில்லை.

பீப்பாய் எவ்வளவு விரைவாக நிறைந்தது என்பதுதான் நமக்கு அதிர்ச்சி. ஒரு மாணவனின் குழாயடியில் வாளியை வைத்துப் பார்த்தோம். அவன் காலைக் கழுவுமுன்பே வாளி நிரம்பிவிட்டது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குள் அடங்கும். நாம் செடிக்கு ஊற்றிய அந்தச் சொம்பில் அளந்து காட்டினோம், சொம்பு நிறையவில்லை. பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். ஒருவன் அதே சொம்பை வாங்கிச் சென்று உளூச் செய்து பார்த்தான். இடக் கால் மிச்சமிருக்கையில் நீர் தீர்ந்துவிட்டது. மூன்றாம் முயற்சியில் போதுமானதாயிற்று. குழாயைச் சிறிதாகத் திறக்கும் பழக்கம் அதன்பின் வந்திருக்கிறது. பீப்பாய் இப்போது முன்போல் விரைவில் நிறைவதில்லை; செடிக்குத் தட்டுப்பாடு வருமோ என்று ஒரு மாணவன் கவலைப்பட்டதும் உண்டு.

எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பானது. உளூ நீரும் அதுவே. தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சில மாதங்களில் மண் மீதும் தொட்டி விளிம்பிலும் வெண்பூச்சுப் படியும்; இலை நுனிகள் கருகும். அடியில் ஒழுகும்வரை ஊற்றச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ஒழுகும் நீர் உப்பையும் கொஞ்சம் அழைத்துச் செல்லும். முழுமையாகக் கழுவுவது மழைதான். அடித்துளை திறந்திருக்குமானால் ஐப்பசி மழை தொட்டிகளுக்குப் பெரும் ரஹ்மத். சென்ற ஆண்டு அந்த ரஹ்மத்தின் வாசலை நாம் அடைத்து வைத்திருந்தோம். இவ்வாண்டு மழை நாள்களில் சொம்புக்கு விடுமுறை.

ஷஃபான் கடைசியில் மத்ரஸா விடுமுறை விட்டபோது ஒரு மாதத்துக்கு மேல் யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி, மண் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினோம். நடுவில் நீர் நிறைந்த வாளிகளை உயரமாக வைத்து, பழைய பருத்தித் துணியைத் திரித்து ஒரு முனையை வாளியிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்தோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் துணி வழியே நீர் மெல்ல மெல்ல மண்ணுக்குப் போகும். மோதினார் வாரம் இருமுறை வாளிகளை நிரப்பினார். பெருநாள் கழிந்து வந்து பார்த்தபோது ஒரு மல்லிகை மட்டும் போயிருந்தது. அதன் துணி காற்றில் நழுவி வெளியே கிடந்தது.

மருதாணிக்கு வருவோம். விற்ற வீட்டைத் தேடிச் செல்ல மனம் கூசிக்கொண்டிருந்தது. தை பிறந்தபின் ஒருநாள் சென்றோம். வாங்கியவர்கள் முற்றத்துச் செடியை வெட்டாமல் வைத்திருந்தார்கள். விவரம் சொன்னதும் அவ்வீட்டு ராத்தா அரிவாள்மனையோடு வந்து, பென்சில் கனத்தில் மூன்று குச்சிகள் நறுக்கித் தந்தார். பெருநாளைக்குத் தம் பிள்ளைகளும் அதில்தான் பறிப்பதாகவும் சொன்னார். மூன்றில் ஒன்று வேர்விட்டது. அதை மணல் அதிகம் கலந்த மண்ணில், மண்தொட்டியில் நட்டு, அச்சிறுவனின் பொறுப்பில் விட்டிருக்கிறோம்.

இன்று காலை மாடிக்குப் போனோம். மருதாணித் தொட்டியின் மேல்மண் வெளுத்துத் தெரிந்தது. நாம் சொம்போடு குனிந்தோம். அவன் ஓடிவந்து விளிம்பைப் பிடித்துத் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தான். விரலையும் விட்டுப் பார்த்தான்.

“இன்னும் கனமா இருக்கு உஸ்தாத். நாளைக்கு ஊத்துவோம்.”

சொம்பைக் கீழே வைத்தோம்.